வாலில் பதினேழு கிராம்

என் சித்தப்பா பல் செய்கிறவர். பல் டாக்டர் இல்லை. டாக்டர்கள் வாயில் அச்செடுத்து, அட்டைப்பெட்டியில் போட்டு, ஒரு சீட்டோடு அவருக்கு அனுப்புவார்கள். சீட்டில் ஒரு எண் இருக்கும், வயது இருக்கும், பல் என்ன நிறத்தில் வேண்டும் என்பதற்கு ஒரு குறி இருக்கும். அவ்வளவுதான். அதை வைத்துக்கொண்டு சித்தப்பா இளஞ்சிவப்பில் ஈறும், அதில் வரிசையாகப் பற்களும் செய்து திருப்பி அனுப்புவார். முப்பத்தொரு வருடமாக ஊரில் எத்தனையோ பேர் அவர் செய்த பல்லால் மென்று கொண்டிருக்கிறார்கள். அவர்களில் ஒருவருக்கும் அவரைத் தெரியாது.

ஒரே ஒரு தடவை பஸ்ஸில் எதிர் சீட்டில் உட்கார்ந்திருந்த ஓர் அம்மாள் கொட்டாவி விட்டபோது அடையாளம் கண்டுகொண்டாராம். எல்லாப் பல்லும் நேராக இருந்தால் பொய் என்று காட்டிக்கொடுத்துவிடும் என்று, இடது கோரைப்பல்லை மட்டும் மயிரிழை திருப்பி வைப்பது அவர் வழக்கம்.

"பேசியிருக்கலாமே சித்தப்பா" என்றேன்.

"என்னன்னு பேசறது? உங்க வாயில இருக்கறது என்னோடதுன்னா? செருப்பு பிஞ்சிருக்கும்."

இந்த மாதிரி ஒரு பேச்சு அவரிடமிருந்து வருவதற்கு மூன்று நாள் ஆகும். எங்கள் வீட்டில் அவருக்கு ஊமைக்கோட்டான் என்று பெயர். சித்தி எட்டு வருடத்துக்கு முன்னால் தன் அக்கா வீட்டுக்குப் போனவள் அங்கேயே இருந்துவிட்டாள். சண்டை நடந்ததாக யாரும் கேள்விப்படவில்லை. சண்டை போடவும் இரண்டு பேர் பேச வேண்டுமே என்பாள் அம்மா.

நான் நாலு வருடம் ஊர் ஊராகச் சுற்றிவிட்டு வந்திருந்தேன். வந்த பதினோராம் நாள் அப்பாவுக்கும் எனக்கும் முட்டிக்கொண்டது. அடுத்து எங்கே போவது என்று முடிவாகும்வரை சித்தப்பா வீட்டில் இரு, அங்கே ஓர் அறை சும்மாதான் கிடக்கிறது என்று அம்மா அனுப்பிவைத்தாள். அறை சும்மா கிடக்கவில்லை. கட்டில்மேல் ஒரு விமானத்தின் இறக்கை படுத்திருந்தது. தலைமாட்டில் தலையணைகூட வைத்திருந்தார். நான் கீழே பாய் விரித்துக்கொண்டேன்.

ரேடியோவில் ஓட்டும் விமானம். இறக்கை ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு ஐந்தடி. பால்சா என்கிற, பிஸ்கட்டைவிட லேசான மரத்தை வெட்டி ஒட்டி, அதன்மேல் மஞ்சள் நிறப் படலத்தை இஸ்திரிப் பெட்டியால் தேய்த்து இழுத்துப் போர்த்தியிருந்தார். முன்னால் இரண்டு சக்கரம், வாலுக்கு அடியில் சுண்டைக்காய் அளவில் ஒன்று. மூக்கில் மோட்டாரும் பேட்டரியும். மூன்று வருடமாக அதைச் செய்துகொண்டிருந்தார். அந்த நேரத்தில் கொத்தனார் ஒருவர் மாடி வீடு கட்டி, குடித்தனமும் வைத்திருப்பார்.

மூன்று வருடத்துக்குக் காரணம் பஸ் டிரைவர். சித்தப்பாவின் வேலைக்கு எதிர்ப்பக்கம் வேலை அவருக்கு: நாள் முழுக்க ஊரே அவர் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்து பேசும். ஒரு நாள் சித்தப்பா நீளமான மரப்பட்டைகளைக் கட்டிக்கொண்டு ஏறியிருக்கிறார். கண்ணாடியில் பார்த்த டிரைவர், அடுத்த சிக்னலில் திரும்பி, "பால்சாவா?" என்று கேட்டிருக்கிறார். சித்தப்பாவை அந்த மாதிரி யாரும் எதுவும் கேட்டதில்லை. ஐந்து நிறுத்தம் தள்ளி இறங்கும்போது ஒப்பந்தம் முடிந்துவிட்டது. சித்தப்பா கட்டுவார், டிரைவர் பறக்க விடுவார். டிரைவருக்குப் பத்து வருடப் பழக்கம். சித்தப்பா, விமானத்தை ஓட்டும் ரேடியோப் பெட்டியை மேஜையில் வைத்து அதன் குச்சியைத் தள்ளிப் பார்த்ததோடு சரி.

அதிலிருந்து சனிக்கிழமை தோறும் ஐந்து மணிக்கு, டியூட்டி முடிந்து, காக்கிச் சட்டையோடு டிரைவர் வந்துவிடுவார். பல் பாலிஷ் போடும் மெஷினுக்குப் பக்கத்து ஸ்டூலில் உட்காருவார். இரண்டு டம்ளரில் டீ வரும். விமானத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்து ஏதாவது ஒரு குறை சொல்வார். இந்தக் கீல் இறுக்கமா இருக்கு. இந்த மூலையில படலம் சுருங்குது. சித்தப்பா வாரம் முழுக்க உட்கார்ந்து அந்தக் குறையைப் போக்குவார். அடுத்த சனிக்கிழமை அது இருக்காது, வேறொன்று இருக்கும். பேச்சு அதைத் தாண்டிப் போகாது. டிரைவருக்கு எத்தனை பிள்ளைகள் என்று கேட்டேன், சித்தப்பாவுக்குத் தெரியவில்லை. அவர் டீயில் சர்க்கரை எவ்வளவு என்பது தெரியும்.

நான் போன சமயத்தில் டிரைவர் இரண்டு சனிக்கிழமை வரவில்லை. வேலை இருக்கிறது என்று சொல்லி அனுப்பியிருந்தார். இரண்டு சனியும் ஐந்து மணிக்கு இரண்டு டம்ளர் கழுவப்பட்டு, ஐந்தரைக்கு ஒன்று திரும்ப அலமாரிக்குப் போனது. அந்த இரண்டு வாரத்தில் சித்தப்பா தானாகவே குறை கண்டுபிடிக்க ஆரம்பித்தார். வாலின் நிமிர்ந்த தகடு உடம்போடு சேருமிடத்தில் நகம் நுழையும் அளவுக்கு ஒரு பள்ளம் இருந்தது. மற்றவர்கள் அங்கே மரத்தூளும் பசையும் வைத்து அடைப்பார்கள். சித்தப்பா கைக்கு எது எட்டுமோ அதை எடுத்தார். ஈறு செய்கிற பொடியையும் திரவத்தையும் குழைத்து, அந்தப் பள்ளத்தில் வழித்து, இறுகியதும் தேய்த்து, பாலிஷ் போட்டார். ஒரு பக்கம் பளபளத்ததும் மறுபக்கம் மங்கலாகத் தெரிந்தது. அங்கேயும் வைத்தார். பிறகு மேலே வார்னிஷ். காய்ந்ததும் இன்னொரு பூச்சு. கண்ணாடிபோல முகம் தெரிந்தது வாலில்.

புதன்கிழமை காலை நான் பல் துலக்கிக்கொண்டே எட்டிப் பார்த்தபோது அவர் எடை பார்த்துக்கொண்டிருந்தார். இந்த விமானங்கள் பறப்பதற்கு ஒரு நிபந்தனை உண்டு. இறக்கையின் முன்விளிம்பிலிருந்து நாலு விரற்கடை தள்ளி ஓர் இடம். அந்த இடத்தில் இரண்டு பக்கமும் தாங்கிப் பிடித்தால் விமானம் சமமாக நிற்க வேண்டும். மூக்கு ஒரு நூல் தாழ்ந்தால் நல்லது. வால் தாழ்ந்தால் மேலே போனதும் தலையைத் தூக்கிக்கொண்டு, வேகமிழந்து, பின்பக்கமாகச் சரியும். எப்பேர்ப்பட்ட கைக்கும் அடங்காது. இதையெல்லாம் சித்தப்பா படலம் போர்த்தும் முன்பே பார்த்து, பென்சிலால் குறித்தும் வைத்திருந்தார். அப்போது கச்சிதமாக நின்றதாம்.

பிளாஸ்டர் கட்டியில் இரண்டு நீளப் பென்சில்களை ரப்பர் மேலே இருக்கும்படி நட்டிருந்தார். இறக்கையின் குறிகளை ரப்பர்மேல் வைத்து மெல்லக் கையை எடுத்தார். வால் நிதானமாக, உட்கார இடம் கிடைத்த ஆளைப் போல, கீழே போய் மேஜையைத் தொட்டது.

மறுபடி வைத்தார். மறுபடி தொட்டது. பேட்டரியை முன்சுவரோடு ஒட்டத் தள்ளிப் பார்த்தார். அப்படியும் தொட்டது.

சித்தப்பா விமானத்தை இறக்கி வைத்தார். பிறகு வார்னிஷ் பாட்டிலைத் திறந்து வாலுக்கு இன்னொரு பூச்சு போட்டார்.

வாயில் நுரையோடு எனக்கு ஒன்றும் சொல்ல வரவில்லை. கொப்பளித்துவிட்டு வந்தபோது சொல்லும் நேரம் போய்விட்டது.

சனிக்கிழமை ஐந்து மணிக்கு டிரைவர் வந்தார். ஸ்டூலில் உட்கார்ந்தார். என்னைப் பார்த்து, "யாரு, ஊர் சுத்திட்டு வந்த பொண்ணா? எங்க பஸ்ஸுல சுத்தியிருந்தா பாஸ் வாங்கித் தந்திருப்பேனே" என்றார். டீயைக் கையில் எடுத்தார், குடிக்கவில்லை.

"பேலன்ஸ் பார்த்தாச்சா?"

"இல்லை" என்றார் சித்தப்பா. "வார்னிஷ் காயணும்."

"எப்போ காயும்?"

"ஒரு வாரம், பத்து நாள்."

டிரைவர் டம்ளரை மேஜையில் வைத்து அரை வட்டம் திருப்பினார். "எனக்கு மாத்தல் வந்துடுச்சு, பல்லுக்காரரே. இங்கேருந்து பதினாலு மணி நேரம். ரெண்டு வாரமா அதுக்குத்தான் அலைஞ்சேன், நிறுத்த முடியுமான்னு. முடியலை. நாளைக்கு மத்தியானம் சாமானோட கிளம்பறேன்."



"அப்போ நாளைக்குக் காலைல" என்றார் சித்தப்பா.

"அதான் கேட்டேன். காய்ஞ்சுதா இல்லையா?"

சித்தப்பா எழுந்து பென்சில் நட்ட கட்டியை எடுத்து வந்து வைத்தார். விமானத்தைத் தூக்கி அதன்மேல் நிறுத்தினார். வால் இறங்கியது. டிரைவர் விரலால் வாலை ஏந்தி, விட்டு, மறுபடி ஏந்திப் பார்த்தார். அப்புறம் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்தார்.

"இது என்ன ரோஸ் கலர்ல? வாலுக்கு ஈறு கட்டிட்டீங்களா?"

சித்தப்பா துணியை எடுத்து வாலைத் துடைத்தார்.

"பல்லு எப்போ முளைக்கும்?"

"கேலி பண்ணாதீங்க."

"நான் எங்க கேலி பண்ணினேன். கடிக்குமான்னு தெரிஞ்சுக்கணும்ல. நாளைக்குக் கையில பிடிக்கறவன் நான்."

சித்தப்பா தன் நோட்டைப் பிரித்தார். வால்பகுதியின் பழைய எடை அதில் இருந்தது. சின்னத் தராசில் இப்போது நிறுத்துப் பார்த்தோம். பதினேழு கிராம் கூடுதல். பதினேழு கிராம் ஒரு பொருட்டா என்று நினைத்தேன். வால் வெகு தூரம் பின்னால் இருக்கிறது, மூக்கு பக்கத்தில் இருக்கிறது. அதனால் வாலில் ஒரு கிராமுக்கு மூக்கில் ஏறக்குறைய நாலு கிராம் வைத்தால்தான் சமமாகும் என்றார் டிரைவர்.

"ஈயம் வச்சுடலாம். எழுபது கிராம். பத்து நிமிஷ வேலை."

"எழுபது கிராம் ஏத்தினா இறங்கும்போது கல்லு மாதிரி விழும்."

"விழுந்தா ஒட்டிக்கலாம்."

"யாரு?" என்றார் சித்தப்பா. "நீங்களா வந்து ஒட்டுவீங்க?"

டிரைவர் கண்ணாடியைக் கழற்றி மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். வைப்பதற்கு வேண்டியதைவிட அதிக நேரம் எடுத்துக்கொண்டார். "காலைல ஆறரை மணிக்கு மைதானத்துல இருப்பேன்" என்றார். "வந்தா வாங்க." படியில் இறங்கும் சத்தம் கேட்டது. டீ அப்படியே இருந்தது.

சித்தப்பா விளக்கை இழுத்து வைத்தார். பல்லைக் குடையும் மெஷினில் அரிசிமுனை போன்ற ஊசியைப் பொருத்தினார். விமானத்தின் வாலை என்னைப் பிடித்துக்கொள்ளச் சொன்னார். ஈறு கல்லாக இறுகியிருந்தது. அடியில் இருந்த மரமோ நகம் பட்டால் குழியும். ஊசி ஒரு இழை கீழே போனால் வால் போயிற்று, காலையும் போயிற்று. சுண்டுவிரலை உடம்பில் ஊன்றிக்கொண்டு, வாய்க்குள் வேலை செய்வதைப் போலவே செய்தார். பளபளப்பு முதலில் போனது. பிறகு இளஞ்சிவப்புத் தூள் என் கைமேலும் அவர் புருவத்திலும் படிந்தது. அவர் தம் கட்டினால் நானும் தம் கட்டினேன்.

பாதியில் மெஷினை நிறுத்தி ஊசியை ஊதினார்.

"புதன்கிழமையே பார்த்துட்டேன்" என்றார்.

"தெரியும் சித்தப்பா. நானும் இருந்தேனே."

"அவர்கிட்ட சொல்லலையே நீ."

"கேக்கலையே அவரு."

அவர் ஊசியைத் திரும்பப் பொருத்தினார். "நேரா நின்னுடுச்சுன்னா பறக்க விட்டுடுவாரு. பறந்துட்டா, அப்புறம் அவர் எதுக்கு வரணும்?" இதை வாலைப் பார்த்துத்தான் சொன்னார். பிறகு மெஷின் சத்தம்.

இருட்டும் நேரத்தில் பதினோரு கிராம் தூளாகியிருந்தது. மீதி ஆறை எடுத்தால் மரம் தாங்காது. வால் பார்க்கச் சகிக்கவில்லை. சொறி பிடித்த மாதிரி திட்டுத் திட்டாக இருந்தது. முப்பத்தொரு வருடத்தில் அவர் கையிலிருந்து அப்படி ஒரு வேலை வெளியே போயிருக்காது. அதன்மேல் அவர் ஒன்றும் பூசவில்லை.

காலையில் பழைய செங்கல் சூளைக்குப் பின்னாலிருக்கும் வெட்டவெளிக்குப் போனோம். டிரைவர் எங்களுக்கு முன்பே வந்து, செங்கல் அடுக்கில் உட்கார்ந்திருந்தார். காக்கி இல்லாமல் வேறு ஆள் போலத் தெரிந்தார். வாலைத் தடவிப் பார்த்தார்.

"ஈறைக் காணோம்."

"வேர் இருக்கு" என்றார் சித்தப்பா. "இன்னும் இருபத்தஞ்சு கிராம் முன்னாடி வேணும்."

டிரைவர் சட்டைப் பையிலிருந்து ஈயத் துண்டுகளை எடுத்தார். டயர் ஓடும்போது அதிராமல் இருக்கச் சக்கரத்தில் ஒட்டுகிற துண்டுகள், ஒவ்வொன்றும் ஐந்து கிராம். டிப்போ பக்கத்து டயர் கடையில் கேட்டு வாங்கி வந்திருக்கிறார். ஐந்தை மூக்குக்குள் வரிசையாக ஒட்டினார்கள். பென்சில் கட்டியைக் கொண்டுபோயிருந்தோம். விமானம் அதன்மேல் நின்றது, கொஞ்சம் யோசித்தது, மூக்கு ஒரு நூல் தாழ்ந்தது. சித்தப்பா மூக்கை ஒரு விரலால் தூக்கிவிட்டார். அது மறுபடி அதே அளவு தாழ்ந்தது.

குச்சியை இடது பக்கம் தள்ளினால் எது அசைகிறது, வலது பக்கம் தள்ளினால் எது அசைகிறது என்று டிரைவர் மூன்று தடவை பார்த்தார். பிறகு விமானம் புல்லின்மேல் ஓடியது. முதலில் வால் எழும்பியது, அப்புறம் சக்கரம். சூளையின் உடைந்த சுவரைத் தாண்டி மஞ்சளாக ஏறியது. லேசாகத் தலையைத் தூக்கப் பார்த்தபோது டிரைவர் கட்டைவிரலால் ஒரு பொத்தானை இரண்டு தடவை தட்டினார். அதற்கப்புறம் அது கயிற்றில் கட்டியதைப் போல வட்டம் போட்டது. சித்தப்பா வானத்தைப் பார்த்ததைவிட டிரைவரின் கைகளைத்தான் அதிகம் பார்த்தார்.

"பிடிங்க" என்று ரேடியோவை நீட்டினார் டிரைவர்.

"வேண்டாம்."

"அது பாட்டுக்குப் போகுது பல்லுக்காரரே. சும்மா தொட்டுக்கிட்டு நில்லுங்க."

சித்தப்பா இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். டிரைவர் வற்புறுத்தவில்லை. ஐந்து நிமிடம் ஆனதும் இறக்கினார். விமானம் இரண்டு முறை குதித்து, ஓடி, எங்கள் காலடிக்குக் கொஞ்சம் தள்ளி நின்றது.

"ஒரு கீறல் இல்லை" என்றார் டிரைவர், பெருமையாக.

சித்தப்பா அதைத் தூக்கி அடிப்பக்கம் முழுவதும் பார்த்தார். உண்மையாகவே இல்லை. எதையோ தேடிக் கிடைக்காதவர் போல மறுபடியும் பார்த்தார்.

டிரைவர் ரேடியோவை என்னிடம் கொடுத்துவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்தார். லாரி பத்து மணிக்கு வந்துவிடும் என்றார். சித்தப்பாவின் தோளைத் தொடுவதா கையைப் பிடிப்பதா என்று தெரியாமல், விமானத்தின் இறக்கையில் இரண்டு தட்டு தட்டிவிட்டுப் போனார். கொஞ்ச தூரம் போய்த் திரும்பி, "போன் பண்ணுங்க" என்றார். சித்தப்பா தலையாட்டினார். அவர் போன் பண்ணி நான் பார்த்ததில்லை. டாக்டர்கள்தான் பண்ணுவார்கள், அவர் "சரி" என்பார்.

அந்த வாரம் சித்தப்பா நிறையப் பல் செய்தார். விமானம் கட்டிலில் இருந்தது, நான் பாயில் இருந்தேன். அதைச் செய்து முடித்தால் எங்கே வைப்பது என்று மூன்று வருடத்தில் அவர் யோசித்திருக்கவே இல்லை. சனிக்கிழமை ஐந்து மணிக்கு டம்ளர் கழுவும் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தேன். ஒன்றுதான். அதையும் கவிழ்த்து வைத்துவிட்டுச் செருப்பைப் போட்டுக்கொண்டார்.

"எங்க சித்தப்பா?"

"இறக்கையை ஒருத்தர் பிடிக்கணும். பஸ்ஸுல இடிக்கும்."

பஸ்ஸில் புது டிரைவர். கண்ணாடியில் எங்களைப் பார்த்தார், சாலையைப் பார்த்தார், அவ்வளவுதான். ஐந்தடி இறக்கையை மடியில் குறுக்கே வைத்துக்கொண்டு நான் வாசல் பக்கம் உட்கார்ந்தேன். ஏறுகிறவர்கள் குனிந்து குனிந்து போனார்கள். ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை.

மைதானத்தில் நான் செங்கல் அடுக்கில் உட்கார்ந்துகொண்டேன். சித்தப்பா இறக்கையைப் பூட்டி விமானத்தைப் புல்லில் வைத்தார். இடது பக்கம், வலது பக்கம், மூன்று தடவை. பிறகு அதை ஓட விட்டார். மெதுவாக, ஆள் நடக்கும் வேகத்தில், மைதானத்தின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு. அங்கே போய்த் திருப்பி வைத்து, மறுபடி. ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் வேகம் கூடியது. எட்டாவது தடவையோ ஒன்பதாவது தடவையோ, அந்தச் சொறி பிடித்த வால் தரையை விட்டு எழும்பியது. விமானம் மட்டமாக நின்று, முன்சக்கரத்தில் மட்டும் ஓடியது. இன்னும் ஒரு விரல் தள்ளினால் மேலே போயிருக்கும். சித்தப்பா வேகக் குச்சியைப் பின்னால் இழுத்துவிட்டார். வால் உட்கார்ந்தது. அதையே வெளிச்சம் இருக்கும்வரை செய்தார்.

திரும்பும்போது பஸ் நிறுத்தத்தில் சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தார். நம்பரை ஒவ்வொரு எண்ணாக அழுத்தினார். அந்தப் பக்கம் மணி அடிப்பது எனக்கும் கேட்டது. வெகுநேரம் அடித்தது.

"நான்தான்" என்றார். பிறகு, "பல்லுக்காரன்."

அந்தப் பக்கம் பின்னால் பஸ்களின் இரைச்சல்.

"வால் தூக்குச்சு" என்றார் சித்தப்பா.

"சக்கரம்?"

"சக்கரம் இன்னும் இல்லை." போனை மறு காதுக்கு மாற்றினார். "இடது பக்கம் இழுக்குது. ஒவ்வொரு தடவையும்."

அந்தப் பக்கத்திலிருந்து டிரைவர் ஏதோ கேட்டார். சித்தப்பா எவ்வளவு இழுக்கிறது, எந்த வேகத்தில் இழுக்கிறது என்று சொல்ல ஆரம்பித்தார். எங்கள் பஸ் வந்து நின்றது, காத்திருந்தது, போயிற்று. அதற்கடுத்ததும் போயிற்று. நான் இறக்கையை மடியிலிருந்து எடுத்து நிறுத்தத்தின் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன்.